துவர்ப்புத் தழையும் ஆட்டுப் புழுவும்



தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவர்கள் இறைச்சிக் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பழைய காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற இடம் அது. அங்கே வரிசையில் நிற்கும் தாய்மார்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "அண்ணே, உள்ளூர் ஆடா, வெளிநாட்டு ஆடா?" என்பதுதான். உள்ளூர் ஆடு என்றால் விலை கூடுதல். அதுவும் எளிதில் கிடைப்பதில்லை. நம் நாட்டு மக்கள் உண்ணும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து உறைய வைக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது.

இதை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்பு எழும். ஆஸ்திரேலியாவில் பல இடங்கள் வறண்ட பூமி. நம் நாடோ ஆண்டு முழுதும் மழை பெறும் நாடு. வெட்டிய புல் மறுவாரம் முழங்கால் உயரம் நிற்கும். அப்படியிருக்க, புல் குறைவான தேசத்தில் பெருகிய ஆடு, புல் வாடாத தேசத்தில் ஏன் பெருகவில்லை?

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையான ஒன்றைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். புல்லை வளர்க்கும் அதே மழைதான் புழுவையும் வளர்க்கிறது. அந்தப் புழுவோடு மனிதன் நடத்திவரும் போராட்டத்தின் வரலாறு நம் தோட்டப்புறத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். அப்பா பால்மரம் சீவினார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் ஐந்து ஆடுகள் இருந்தன. தோட்டத்துப் பெண்களுக்கு அந்நாளில் ஆடுதான் சேமிப்பு. அவசரத்துக்கு ஒன்றை விற்றால் கையில் ரொக்கம் வரும். 1991ஆம் ஆண்டு என் அக்கா ஐந்தாம் படிவத்தில் இருந்தார். ஐந்து ஆடுகளில் மூன்றை விற்று, அக்காவை ஆறாம் படிவத்துக்கு அனுப்புவது அம்மாவின் கணக்கு.

அந்த ஆண்டின் மழை மாதங்களில் இரண்டு ஆடுகள் மெலிந்தன. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. கண் இமையைத் திறந்து பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. வெள்ளைத் துணி போல் வெளுத்திருந்தது. கால்நடை அதிகாரி ஒருவர் புழு மருந்து கொடுத்து, மெலிந்த இரண்டுக்கு மட்டும், எடைக்குத் தக்க முழு அளவு ஊற்றச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா?" என்று சொல்லி, இரண்டு ஆட்டுக்கான மருந்தை ஐந்து ஆட்டுக்கும் பங்கிட்டார். வாயைப் பிடித்துத் திறந்தவன் நான், ஊற்றியவர் அம்மா. இரண்டு ஆடும் செத்தன. மற்ற மூன்றும் தேறவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தோம். அக்கா மறு ஆண்டு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அதற்கு ஆடு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆடும் ஒரு காரணம்.

அன்று நாங்கள் செய்த பிழை என்ன என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிறகே எனக்கு விளங்கியது. எங்கள் பிழை உலகத்தின் பெரிய பண்ணைகளிலும் நடந்த பிழைதான் என்பதும் அப்போது தெரிந்தது.

அந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். அதன் அறிவியற் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ். 1803ஆம் ஆண்டில் ருடால்ஃபி என்னும் அறிஞர் அதை விவரித்துப் பெயரிட்டார். பெண் புழு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த குடலும் வெண்ணிறக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றியிருப்பதால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் முறுக்கியது போலத் தோன்றும். ஆட்டின் நான்காவது இரைப்பையில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். இது அற்பமாகத் தோன்றலாம். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர் ஆகிறது. 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஓடும் இரத்தமே ஒன்றேகால் லிட்டர் அளவுதான். நாள்தோறும் இருபத்தைந்தில் ஒரு பங்கு போனால் எத்தனை நாள் தாங்கும்?

இனி அதன் பெருக்கத்தைப் பாருங்கள். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை தொற்றக்கூடிய இளம்புழுக்களாகிவிடும். காலைப் பனியில் நனைந்த புல்லின் மேல் அவை ஏறி நிற்கும். ஆடு அந்தப் புல்லைக் கடிக்கும்போது வயிற்றுக்குள் போய்ச் சேரும். மூன்று வாரத்தில் அங்கே வளர்ந்து, மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். குளிர் நாடுகளில் பனிக்காலமும் வறண்ட நாடுகளில் கோடையும் இந்தச் சுழற்சியை ஓரளவு அறுத்துவிடுகின்றன. நம் நாட்டில் அப்படி அறுக்கும் பருவம் இல்லை.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்கும்போது உங்களில் மூத்தவர்களுக்கு வேறொரு புழு நினைவுக்கு வரலாம். அதுதான் கொக்கிப்புழு. நம் பாட்டன் பூட்டன்மார் வெறுங்காலோடு பால்காட்டில் நடந்தபோது, ஈர மண்ணிலிருந்த கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே புகுந்தன. அவை குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சின. முகம் வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கிய அத்தொழிலாளர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியவர்களும் உண்டு. கொக்கிப்புழு தோல் வழியாகவே புகுகிறது என்று 1898இல் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். 1915 முதல் 1917 வரை, அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை சாமுவேல் டார்லிங் என்னும் மருத்துவரின் தலைமையில் ஒரு குழுவை மலாயா, ஜாவா, பீஜித் தீவுகளுக்கு அனுப்பி இந்நோயை ஆராய்ந்தது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் அதே மண்ணில் வெறுங்காலோடு மறுபடி நடந்தால் மறுபடி புழு ஏறும். ஆகவே கழிவிடமும் காலணியும் மருந்துக்கு நிகரான மருத்துவமாயின.

கிள்ளானுக்கு இதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. 1901இல் கிள்ளான் நகரும், அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகமும் மலேரியாக் காய்ச்சலால் தவித்தன. 1972 முதல் அத்துறைமுகத்தைக் கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கிறோம். அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கொய்னா மருந்தோடு நின்றுவிடவில்லை. சதுப்பு நிலங்களை வடிய வைத்து, கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமற் செய்தார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

மலேரியாவும் கொக்கிப்புழுவும் சொல்லும் பாடம் ஒன்றே: நோயை நோயாளியின் உடலில் மட்டும் தேடக்கூடாது, அது வந்து சேரும் வழியிலும் தேட வேண்டும். ஆட்டுப் புழுவுக்கும் இப்பாடம் அப்படியே பொருந்தும். ஆனால் ஆட்டு விஷயத்தில் இதை உணர உலகம் நெடுநாள் எடுத்துக்கொண்டது.

இப்போது தோட்டத்துக்குள் வருவோம். ரப்பர் நட்ட ஆரம்ப ஆண்டுகளில் மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாமல் வெட்டித் துடைத்து வைப்பதே நல்ல நிருவாகம் என்று கருதப்பட்டது. மழை வந்து மேல்மண்ணை அடித்துச் சென்றது. பிறகு 1920களிலும் 1930களிலும் எண்ணம் மாறி, அவரை இனத்துக் கொடிகளை மரங்களுக்கிடையே மூடுபயிராகப் பரப்பினார்கள். பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா என்பவை அவற்றுள் முக்கியமானவை. அவரை இனத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. கொடி மண்ணையும் காக்கிறது.

மூடுபயிரோடு களையும் வளர்ந்தது. களையைக் கொல்ல ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சைத் தெளித்தார்கள். அதைத் தின்ற மாடுகள் மடிந்தன. பின்னர் வந்த பாராகுவாட் மருந்தைத் தோளில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றும், மூக்கில் இரத்தம் வடிந்தும், தோல் புண்ணாகியும் அவர்கள் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே. அம்மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது.

நஞ்சைக் குறைத்துக் களையை அடக்க வேறு வழி இல்லையா என்று எண்ணியவர்களும் உண்டு. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பிற்காலத்தில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எனப்பட்டது. நமக்கு அருகிலேயே, சுங்கை பூலோவில், அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. அக்கழகம் 1970களிலும் 1980களிலும் ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறி ஆடுகளை மேயவிடும் முறையை ஆராய்ந்து, தோட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. வெள்ளாடு இளமரத்தின் பட்டையைக் கடித்துக் கெடுக்கும். செம்மறி பெரும்பாலும் தலை குனிந்து புல்லையே மேயும். மாலின் எனப்படும் உள்ளூர்ச் செம்மறியோடு டார்செட் போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து பார்த்தார்கள். களையெடுக்கும் செலவு குறைந்தது, இறைச்சியும் கிடைத்தது, எருவும் மண்ணில் சேர்ந்தது.

இத்தனை நன்மை இருந்தும் அந்த முயற்சி ஏன் நாடெங்கும் நிலைக்கவில்லை? மரம் வளர்ந்து நிழல் மூடிய பின் புல் குறைந்தது ஒரு காரணம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும், தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களானதும் வேறு காரணங்கள். சுங்கை பூலோச் சோதனை நிலத்திலேயே இன்று நகரம் எழுந்து வருகிறது. ஆனால் ஆடு வளர்த்தவர்களை நாள்தோறும் வாட்டிய காரணம் புழுதான். ஈரமும் நிழலும் நிறைந்த ரப்பர்க் காடு இளம்புழுவுக்குத் தாய்வீடாக இருந்தது.

புழுவுக்கு மருந்து இல்லாமலில்லை. 1940களில் பீனோதயசின் என்னும் மருந்து வந்தது. 1961இல் தயாபென்டசோல் வந்தபோது கால்நடை உலகமே மகிழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் லெவாமிசோல் வகையும், 1981இல் ஐவர்மெக்டினும் வந்தன. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். அதற்கு வழிகோலிய ஓமுரா, கேம்பல் ஆகிய இரு அறிஞர்களுக்கு 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் புழுவும் சும்மா இருக்கவில்லை. தயாபென்டசோல் வந்து மூன்றே ஆண்டுகளில், 1964இல், அம்மருந்துக்கு மடியாத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. இதன் காரணம் எளியது. ஆயிரம் புழுவில் சில இயற்கையாகவே மருந்தைத் தாங்கும் தன்மையோடு பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இவை மட்டும் மிஞ்சி முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறையில் தாங்கும் புழு கூடுகிறது. மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து ஊற்றினால் இது விரைவில் நடக்கும். அளவு குறைத்து ஊற்றினாலோ, அரைகுறையாகத் தாங்கும் புழுவும் தப்பித்துப் பெருகும். 1991இல் நானும் அம்மாவும் செய்தது இந்த இரண்டாவது பிழை.

நம் நாட்டிலும் நிலைமை கைமீறியது. மருந்துக்கு மடியாத ஹீமாங்கஸ் புழுவை மலேசியச் செம்மறிகளில் கண்டதாக, செர்டாங்கில் உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கழகந்தான் அது. 1999இல் வெளிவந்த ஆய்வு, பல பண்ணைகளில் இதே நிலை என்று காட்டியது. 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சபாவில் அரசாங்க இனப்பெருக்கப் பண்ணைகளில் புழு மருந்துகள் முற்றாகப் பயனற்றுப் போனதை அறிவித்தது. மருந்தின் பெயரை மாற்றி மாற்றி ஊற்றும் காலம் அத்துடன் முடிந்துவிட்டது.

இந்த நெருக்கடியில்தான் அறிஞர்கள் ஆட்டின் தீவனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் கண்டது நம் நாக்குக்கு நன்கு தெரிந்த ஒன்று: துவர்ப்பு.

அறுசுவையில் ஒன்றாகிய துவர்ப்புக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது டானின். வாழைப்பூவையும் கடுக்காயையும் மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது டானின் செய்யும் வேலை. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பச்சைத் தோல் அழுகாமல் பதனாவதும் இக்குணத்தால்தான். தமிழகத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டார்கள். இங்கே கடலோர மக்கள் பாக்காவ் மரப்பட்டையின் சாற்றில் வலைகளைத் தோய்த்து உறுதியாக்கினார்கள்.

இதே பொருள் ஆட்டின் வயிற்றில் இரண்டு வகையில் உதவுகிறது. முதலாவது, தீவனத்திலுள்ள புரதம் சாதாரணமாக ஆட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுப் பெரும்பகுதி வீணாகிறது. டானின் அப்புரதத்தைக் கட்டிக் காக்கிறது. நான்காவது இரைப்பையின் புளிப்பில் அந்தக் கட்டு அவிழ்கிறது. புரதம் சிறுகுடலில் ஆட்டுக்குச் சேர்கிறது. புழு குடித்த இரத்தத்தை ஈடுசெய்யவும், புழுவை எதிர்க்கும் சக்தியை உடலில் வளர்க்கவும் புரதந்தான் முதற்பொருள். இரண்டாவது, சில வகை டானின்கள் புழுவின் மேற்தோலிலும் ஒட்டிக்கொண்டு அதை நலியச் செய்கின்றன, முட்டையிடுவது குறைகிறது, புழுக்கையில் உள்ள முட்டை இளம்புழுவாக வளர்வதும் தடைப்படுகிறது.

நியூசிலாந்தில் இதைச் சோதித்தார்கள். டானின் உள்ள சல்லா என்னும் அவரை இனத் தீவனத்தை ஒரு மந்தைக்கும், டானின் இல்லாத லூசர்ன் என்னும் குதிரைமசாலை இன்னொரு மந்தைக்கும் கொடுத்தார்கள். புழு ஏறிய நிலையிலும் சல்லா மேய்ந்த குட்டிகள் எடை கூடின. லூசர்ன் மேய்ந்தவை கூடவில்லை. 1995இல் இந்த ஆய்வு வெளிவந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவின் தென்பகுதியில் லெஸ்பெடிசா என்னும் அவரை இனச் செடியை மேய்ச்சலாகவும் உலர்ந்த தீவனமாகவும் கொடுத்து, ஹீமாங்கஸ் புழுவின் முட்டை எண்ணிக்கை குறைவதைக் கண்டார்கள். நம் அண்டை நாடாகிய கம்போடியாவில் 2003இல் வெளிவந்த ஆய்வு, புல்லுக்குப் பதில் மரவள்ளித் தழை தின்ற வெள்ளாடுகளிடம் முட்டை குறைவாயிருந்ததைக் காட்டியது. மரவள்ளி அவரை இனம் அல்ல. ஆனால் அதன் இலையிலும் டானின் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் நம் மக்களின் பசியைத் தணித்த அதே மரவள்ளிதான்.

இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்துத் தாத்தா ஒருவர் நினைவுக்கு வந்தார். கரூர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதில் கப்பலேறி வந்தவர். "வெறும் புல்லை மட்டும் போடாதே அம்மா, துவர்ப்பான தழையும் கொஞ்சம் போடு. எங்க ஊர்ல வெள்வேல நெத்து போடுவோம்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சிரித்துக்கொண்டு போய்விடுவார். கரூர், ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளர்ப்பார்கள். மரத்திலிருந்து உதிரும் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். அந்த நெற்றில் டானின் உண்டு. தாத்தாவுக்கு டானின் தெரியாது. புழுவின் முட்டைக் கணக்கும் தெரியாது. ஆனால் ஆடு எதைத் தின்றால் தெம்பாயிருக்கும் என்பது தெரியும். பழையவர்கள் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமை என்றே சொல்கிறேன்.

நம் தோட்டப்புறத்தில் அவரை இனத்துத் தழைக்குப் பஞ்சமில்லை. மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்றும், தமிழகத்தில் சவுண்டல் என்றும் சொல்லும் மரம் சாலையோரமெங்கும் வளர்ந்து நிற்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. புரதமும் டானினும் உள்ள தழை. அதன் டானினை ஆய்வுக்கூடத்தில் புழுக்களின்மேல் சோதித்தபோது இளம்புழுக்கள் தடைப்பட்டன. செர்டாங் ஆய்வாளர்கள் 2011இல் வேறொரு பயனைக் காட்டினார்கள்: கால்நடை வயிற்றில் உண்டாகும் மீத்தேன் வாயுவை அந்த டானின் ஆய்வுக்கூடச் சோதனையில் குறைத்தது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பெத்தாய் பெலாலாங் தழையில் மிமோசின் என்னும் நச்சும் உண்டு. அளவு மீறினால் ஆட்டின் உரோமம் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஹவாய்த் தீவில் ஆடுகள் இதைத் தின்றும் கெடாமலிருந்ததை ஆஸ்திரேலிய அறிஞர் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை முறிக்கும் ஒரு நுண்ணுயிர் இருந்ததே காரணம். நம் வீட்டு ஆட்டுக்கு அது இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆகவே மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தழை வேண்டாம். மரவள்ளித் தழையைப் பறித்தவுடன் போடக் கூடாது. வெயிலில் நன்கு வாட்டிய பின்பே போட வேண்டும். டானினும் அப்படித்தான். தீவனத்தின் காய்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு நன்மை செய்யும். ஐந்து ஆறுக்கு மேல் போனால் ஆடு தின்ன மறுக்கும், செரிமானமும் கெடும். மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துவர்ப்புத் தழை மருந்துக்கு மாற்று அல்ல. தாடை வீங்கி, கண் வெளுத்த ஆட்டைத் தழையால் காப்பாற்ற முடியாது. அதற்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை முழு அளவில் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில் செம்மறிகளுக்கு நாள்தோறும் வேப்பிலை ஊட்டிப் பார்த்தார்கள். எந்த இலையானாலும் அது பல வழிகளில் ஒரு வழி. தனியே நின்று வெல்லாது.

மற்ற வழிகள் எவை? இளம்புழு ஈரப்புல்லில் ஏறி நிற்பதால், பனி உலர்ந்த பிறகே ஆட்டை மேய விட வேண்டும். கொட்டகையைப் பரண் போல உயர்த்தி, புழுக்கை கீழே விழும்படி பலகை இடைவெளி விட வேண்டும். ஒரே இடத்தில் மேய்க்காமல் இடம் மாற்ற வேண்டும். டோங்கா தீவில் மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, 35 நாள் கழித்தே முதற்பங்குக்குத் திரும்பினார்கள். முட்டை இளம்புழுவாவதற்குள் ஆடு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. திரும்பி வரும்போது பெரும்பாலான இளம்புழுக்கள் மடிந்திருக்கும். 1994இல் வெளிவந்த இந்தச் சோதனையில் புழுத் தொல்லை நன்கு குறைந்தது.

மருந்தையும் எல்லா ஆட்டுக்கும் ஊற்றத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் கண் இமையின் உள்நிறத்தை ஐந்து படிகளாக வரைந்த அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். இமை சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் மட்டும் கொடு. மருந்து படாத ஆட்டின் புழுக்கள் மருந்துக்கு மடியும் தன்மையோடு நிலத்தில் மிஞ்சுகின்றன. அதனால் மருந்தின் வலிமை நெடுநாள் காக்கப்படுகிறது. அன்று அந்த அதிகாரி, மெலிந்த இரண்டுக்கு மட்டும் முழு அளவு ஊற்றுங்கள் என்று சொன்னது எவ்வளவு சரியான பேச்சு! எங்கள் அம்மாவின் நீதி பிள்ளைகளுக்குச் சோறு பங்கிடும் நீதி. அது நல்ல நீதிதான். ஆனால் மருந்துக்கு அது பொருந்தாது. எல்லாருக்கும் பாதி கொடுப்பதைவிட, தேவைப்பட்டவருக்கு முழுதாகக் கொடுப்பதே அங்கே நீதி.

சென்ற பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டம் இப்போது இல்லை. அம்மா காப்பாரில் தம்பி வீட்டில் இருக்கிறார். இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தாத்தா சொன்னப்பவே நாலு தழை ஒடிச்சுப் போட்டிருக்கலாம் தம்பி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "போட்டிருந்தாலும் அந்த ரெண்டு செத்திருக்கும்மா, மிச்சம் மூணு பிழைச்சிருக்கும்" என்றார். அந்த மூன்றுதான் அக்காவின் ஆறாம் படிவம்.

இன்னமும் தோட்டத்திலும் தோட்டத்தை அடுத்த கம்பங்களிலும் இரண்டு மூன்று ஆடு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இன்று மாலை ஆட்டைக் கொட்டகைக்கு ஓட்டும்போது, ஒவ்வொன்றின் கீழ் இமையையும் கட்டைவிரலால் மெல்ல இறக்கிப் பாருங்கள். சிவப்பாயிருந்தால் மகிழ்ச்சி. வெளுத்திருந்தால் நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வரும் வழியில் ஒரு பிடி துவர்ப்புத் தழையும் ஒடித்து வாருங்கள்.